வகுத்தால் வருவதெல்லாம் மின்தடையா?

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். பள்ளிக் கணக்கில் இதற்குமேல் ஒன்றுமில்லை. வீட்டு லைனில் 230 வோல்ட் இருக்கிறது, ஒரு காயில் அடுப்பு 4.35 ஆம்பியர் இழுக்கிறது. அப்படியானால் அதன் தடை ஏறக்குறைய 53 ஓம், திறன் 1000 வாட். ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்.

சிக்கல் அடுத்த கேள்வியில் தொடங்குகிறது. லைனில் அழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கினால் அதே அடுப்பு எவ்வளவு எடுக்கும்? 53 ஓம் மாறாது என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 756 வாட். அடுப்பைப் பொறுத்தவரை இது சரியாகவே இருக்கும். அதே இடத்தில் பழைய குண்டு பல்பை வைத்தால் கணக்கு கொஞ்சம் பிசகும். எல்இடி பல்பை வைத்தால் கணக்கே செல்லாது. கிணற்று மோட்டாரை வைத்தாலோ தலைகீழாகிவிடும்: அழுத்தம் குறையக் குறைய அது இழுக்கும் மின்னோட்டம் கூடும். வகுத்துக் கிடைத்த எண் அளந்த வேளைக்கு உண்மை. வேறொரு வேளைக்கு அது செல்லுமா என்பதை வகுத்தல் சொல்வதில்லை. மின்தடை பற்றிய இருநூறு ஆண்டு ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. நம் பாடப்புத்தகங்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கின்றன.

ஓம் விதி என்று நாம் எழுதும் வடிவத்தில் ஓம் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். அவர் சோதனை செய்த 1820களில் வோல்ட்மீட்டர் கிடையாது. வோல்ட், ஆம்பியர் என்ற அலகுகளும் கிடையாது. வோல்டாவின் அடுக்கு மின்கலத்தை வைத்து 1825-இல் அவர் வெளியிட்ட முதல் முடிவு தவறாகப் போனது. அந்த மின்கலம் சுற்றை மூடியதுமே தளர ஆரம்பிக்கும். கம்பியின் குணம் எது, மின்கலத்தின் தளர்ச்சி எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. பொகெண்டார்ஃப் சொன்ன யோசனைப்படி, சீபெக் 1821-இல் கண்டறிந்த வெப்ப மின்விளைவுக்கு ஓம் மாறினார். பிஸ்மத்தும் தாமிரமும் சேரும் இரண்டு சந்திகளில் ஒன்று கொதிநீரில், மற்றது பனிக்கட்டியில். தண்ணீர் கொதிக்கும் வரை, பனி உருகும் வரை மூலத்தின் பலம் மாறாது. 1826-இன் வெற்றிக்குப் பாதிக் காரணம் இந்த ஏற்பாடுதான் என்பேன்.

பிறகு 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை நீளமுள்ள எட்டுத் தாமிரக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்து, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று முறுக்குத் தராசில் அளந்தார். கிடைத்த எண்கள் ஒரு எளிய வடிவத்தில் அமர்ந்தன. ஒரு மாறா எண்ணை, கம்பியின் நீளத்தோடு இன்னொரு மாறா எண்ணைக் கூட்டி வரும் தொகையால் வகுத்தால் மின்னோட்டம். ஒரு வரிசை அளவீட்டில் முதல் எண் 7285, இரண்டாவது 20¼. 2 அங்குலக் கம்பிக்கு இந்தக் கணக்கு 327 தரும்; 130 அங்குலக் கம்பிக்கு 48.5. அளந்த எண்கள் இவற்றை ஒட்டியே இருந்தன. முதல் எண் மூலத்தின் பலம். இரண்டாவது, சுற்றின் மற்ற பாகங்களுடைய தடையை அங்குலக் கம்பியாக மாற்றிச் சொல்வது. இன்று மின்கலத்தின் அகமின்தடை என்று தனிப்பாடமாக நடத்துவது, ஓமின் முதல் சமன்பாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. நாம் படிக்கும் சுருக்கமான வடிவத்தில்தான் அது காணாமல் போயிற்று.

1827-இல் அவர் பெர்லினில் வெளியிட்ட நூலுக்குச் சொந்த நாட்டில் மதிப்பில்லை. கொலோன் வேலையையும் விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. இங்கிலாந்து இந்த விதியை மதித்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 1825-இல் பீட்டர் பார்லோ இருநூறு அடிக் கம்பியிலேயே விளைவு மிகவும் குறைந்துவிடுவதைக் கண்டு, தந்தி நடக்காத காரியம் என்று முடிவு கட்டியிருந்தார். நீண்ட கம்பிக்கு ஏற்ற மின்கல அடுக்கையும் காந்தச் சுருளையும் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் தந்தி நடக்கும். அந்தத் தேர்வுக்கு ஓமின் கணக்கு வேண்டும். வீட்ஸ்டோன் அதைப் புரிந்துகொண்டு 1843-இல் ஆங்கிலேயர் நடுவே பரப்பினார்.

முன்னோடி ஒருவரையும் சொல்லியாக வேண்டும். ஹென்றி கேவண்டிஷ் 1781-லேயே ஏறக்குறைய இதே விதியை எட்டியிருந்தார். அவரிடம் அளவி எதுவும் இல்லை. உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வழியாக லெய்டன் ஜாடியின் மின்சாரத்தைத் தன் உடம்பில் பாய்ச்சிக்கொண்டு, எந்த அதிர்ச்சி பெரிது என்று ஒப்பிட்டார். எதையும் வெளியிடவில்லை. மேக்ஸ்வெல் 1879-இல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

வகுத்தல் என்பது மின்தடையின் வரையறை. எந்தப் பொருளுக்கும் பொருந்தும். ஓம் விதி சொல்வது வேறு: சில பொருட்களில், வெப்பநிலை மாறாமல் இருந்தால், அழுத்தத்தை எப்படி மாற்றினாலும் அந்த வகுத்தலின் விடை மாறாது. இது அனுபவத்தில் கண்ட உண்மை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உலோகங்களில் இது வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமாக நிற்கிறது. 1876-இல் மேக்ஸ்வெல்லின் வழிகாட்டலில் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டல் செய்த சோதனையில், லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட விலகல் தென்படவில்லை. காரணம் பின்னால் விளங்கியது. ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் கூட்டமாக நகரும் வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான். தனித்தனியாக அவை நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் திரிந்துகொண்டிருக்கின்றன. நாம் கொடுக்கும் அழுத்தம் அந்தத் திரிதலை அசைப்பதே இல்லை. ஆகவே இருமடங்கு தள்ளினால் இருமடங்கு ஓட்டம்.

குழாயில் ஓடும் தண்ணீரைச் சொல்லித்தான் இதை வகுப்பில் விளக்குகிறோம். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. வீட்டுக் குழாயில் வேகமாக ஓடும் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. அதில் ஓட்டத்தை இருமடங்காக்க ஏறக்குறைய நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். உவமையை நம்பிப் போகும் பிள்ளைக்கு, எந்த நேர்விகிதம் பாடத்தின் உயிரோ அதுவே கிடைக்காமல் போகிறது.

வெப்பநிலை மாறாமல் இருந்தால் என்ற நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் 0.26 ஆம்பியர் எடுக்கும். தடை 882 ஓம் என்று வருகிறது. அதே பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் அறுபது எழுபது ஓம்தான் காட்டும். மீட்டரில் பழுதில்லை. எரியும் டங்ஸ்டன் இழை 2700 கெல்வினுக்கு அருகில் இருக்கிறது. அந்தச் சூட்டில் அதன் தடை பதின்மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. சுவிட்ச் போட்ட கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால் மூன்றரை ஆம்பியர்வரை பாயும். பல்புகள் பெரும்பாலும் போட்ட கணத்திலேயே பியூஸ் போவது இதனால்தான். மனித உடம்பும் இந்த ரகம். உலர்ந்த இரு கைகளில் மீட்டர் முனைகளைப் பிடித்தால் லட்சக்கணக்கில் ஓம் காட்டும். அதை நம்பி யாரும் லைனைத் தொட்டுவிடக் கூடாது. 230 வோல்ட்டில் தோலின் தடுப்பு உடைந்து மொத்தத் தடை ஆயிரம், இரண்டாயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். ஆயிரம் ஓம் என்றால் 0.23 ஆம்பியர். வீட்டு மெயின் போர்டில் பொருத்தும் ஆர்சிசிபி 0.03 ஆம்பியர் கசிவிலேயே துண்டிப்பதன் நியாயம் இந்த வகுத்தலில் இருக்கிறது.

காயில் அடுப்பு இதற்கு நேர்மாறு. அதிலிருக்கும் நைக்ரோம் கம்பி, ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்ற கலவை, செஞ்சூட்டிலும் தன் தடையை அதிகம் மாற்றிக்கொள்ளாது. அதனால்தான் தொடக்கத்தில் போட்ட 756 வாட் கணக்கு பலித்தது. காயில் அறுந்தால் இரண்டு முனைகளையும் முறுக்கிச் சேர்த்து ஓட்டுவது ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த வேலை. பத்தில் ஒரு பங்கு கம்பி குறைந்தது என்று வையுங்கள். 53 ஓம் 47.6 ஆகிறது, திறன் 1111 வாட்டாகக் கூடுகிறது. கூடிய வெப்பத்தை வெளியே விட இருப்பதோ குறைந்த நீளம். ஒவ்வொரு சென்டிமீட்டரும் முன்னைவிட ஏறக்குறைய 23 சதவீதம் அதிக வாட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஒட்டுப்போட்ட காயில் சீக்கிரம் மறுபடி அறுவது துரதிர்ஷ்டத்தால் அல்ல.

திறனின் கதை ஜேம்ஸ் ஜூலிடம் தொடங்குகிறது. மான்செஸ்டர் பக்கத்தில் மதுபானம் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. வெப்பமானியைக் கையாள்வதில் தேர்ந்தவர். கம்பிச் சுருளைத் தண்ணீருக்குள் வைத்து, ஏறும் வெப்பத்தை அளந்து, வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் நேர்விகிதம் என்று 1841-இல் அறிவித்தார். ரஷ்யாவில் லென்ஸ் அடுத்த ஆண்டே தனியாக அதே முடிவுக்கு வந்தார். ஓம் விதியையும் சேர்த்துக்கொண்டால் திறனுக்கு மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன: அழுத்தம் பெருக்கல் ஓட்டம்; ஓட்டத்தின் இருமடி பெருக்கல் தடை; அழுத்தத்தின் இருமடி வகுத்தல் தடை.

மாணவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். இரண்டாவது வடிவம் தடை கூடினால் சூடு கூடும் என்கிறது; மூன்றாவது, தடை கூடினால் சூடு குறையும் என்கிறது. எது சரி? வேறு எது மாறாமல் நிற்கிறது என்று கேட்காதவரை இரண்டும் அரைகுறைதான். 60 வாட், 100 வாட் பல்புகள் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் இரண்டுக்கும் ஒரே அழுத்தம். தடை குறைந்த 100 வாட் பிரகாசிக்கும். தொடர் இணைப்பில் போட்டால் இரண்டிலும் ஒரே ஓட்டம். தடை கூடிய 60 வாட் பல்பு வெல்லும். 882, 529 ஓம் என்ற எண்களை அப்படியே போட்டால் முதலாவதுக்கு 23 வாட், இரண்டாவதுக்கு 14 வாட் வருகிறது. உண்மையில் இடைவெளி இன்னும் பெரிது. மங்கலாக எரியும் பல்பு சூடு குறைந்து, தடையும் குறைந்து, தனக்கு வரும் பங்கை மேலும் இழக்கிறது.

கறுத்துப் போன பிளக் இதே கணக்கின் இன்னொரு முகம். பின் தளர்ந்து அந்த இடத்தில் அரை ஓம் தடை சேர்ந்தது என்றால், அடுப்பின் 53 ஓமோடு ஒப்பிட அது ஒன்றுமேயில்லை. அடுப்பு வழக்கம்போல் வேலை செய்யும். ஆனால் 4 ஆம்பியர் ஓடும்போது அந்த நெல்லளவு இடத்தில் 8 வாட் கொட்டுகிறது. 15 ஆம்பியர் ஏசி ஓடினால் 112 வாட். பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? ஒயரின் தடிமனும் இப்படித்தான் முடிவாகிறது. மெயின் போர்டிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்கும் 15 ஆம்பியர் கருவிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் இழுத்தால், போய்வரும் 60 மீட்டருக்கு 0.69 ஓம். பத்து வோல்ட் வழியிலேயே போகும். 155 வாட் சுவருக்குள் வெப்பமாகும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 58 வாட்.

எடிசனின் பல்பை வரலாறு இழையின் வெற்றியாகவே நினைவில் வைத்திருக்கிறது. அதைவிடப் பெரிய வெற்றி இந்தக் கணக்குதான் என்பது என் கட்சி. 1870களின் இறுதியில் மின்விளக்கை வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கவே முடியாது என்று இங்கிலாந்தின் வில்லியம் பிரீஸ் போன்ற வல்லுநர்கள் சொன்னார்கள். அன்றிருந்த இழை விளக்குகள் சில ஓம் தடை கொண்டவை. கணக்குக்காக ஒரு 75 வாட் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 3 ஓம் என்றால் அது 15 வோல்ட்டில் 5 ஆம்பியர் கேட்கும். 300 ஓம் என்றால் 150 வோல்ட்டில் அரை ஆம்பியர் போதும். ஓட்டம் பத்தில் ஒன்று. அதே கம்பியில் இழப்பு நூற்றில் ஒன்று. எடிசன் தேடியது தடை கூடிய இழையை, ஏறக்குறைய நூறு ஓம் அளவில், ஏனென்றால் தாமிரத்தின் விலை அவரை அச்சுறுத்தியது. 1882-இல் நியூயார்க் பேர்ல் தெரு நிலையம் 110 வோல்ட்டில் ஓடியது. ஆனால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அதனால் எட்ட முடியவில்லை. 110 வோல்ட்டும் போதாத அழுத்தம்தான்.

அடுத்த படி மின்மாற்றி. 1891-இல் லாஃபன் அணையிலிருந்து பிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தூரம் உயர் அழுத்தத்தில் மின்சாரம் கொண்டுபோனார்கள். முக்கால் பங்கு பத்திரமாகச் சேர்ந்தது. அதே கணக்கின் இன்றைய உச்சத்தில் ஒன்று கரூர் மாவட்டத்துப் புகளூரில் நிற்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து வரும் நேர்மின்னோட்டத் தடம் நிலத்தின் அழுத்தத்தைவிட மேலும் கீழுமாக 800 கிலோவோல்ட், ஆக இரு கம்பிகளுக்கிடையே 1600 கிலோவோல்ட். 6000 மெகாவாட்டை அதால் வகுத்தால் 3750 ஆம்பியர். அழுத்தத்தைப் பாதியாக்கியிருந்தால் 7500 ஆம்பியர் ஓட வேண்டும். அதே கம்பிகளில் இழப்பு நான்கு மடங்கு. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 1600 கிலோவோல்ட்டின் இருமடியைக் கம்பியின் தடையால் வகுத்து இழப்பைக் கணக்கிடக் கூடாது. அந்த அழுத்தம் இரு கம்பிகளுக்கு நடுவே இருப்பது; கம்பியின் இரு முனைகளுக்கு இடையே விழுவது அதில் சிறு பங்குதான். எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளந்த அழுத்தம், எதன் வழியாக ஓடும் ஓட்டம் என்ற இரண்டும் பொருந்தாவிட்டால் சூத்திரத்துக்குப் பொருளே இல்லை.

மோட்டாரில் மூன்று வடிவங்களும் பிரிந்து போகின்றன. 12 வோல்ட் நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்று, சுருளின் தடை 1 ஓம், ஓடும்போது 2 ஆம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். பெருக்கினால் 24 வாட். மோட்டார் வாங்குவது அவ்வளவு. ஓட்டத்தின் இருமடி பெருக்கல் தடை 4 வாட். சுருளில் சூடாவது அவ்வளவு. மிச்சம் 20 வாட் சுழற்சியாகிறது. அழுத்தத்தின் இருமடி வகுத்தல் தடை 144 வாட் என்கிறது; ஓடும் மோட்டாரில் அது எதையும் குறிக்காது. சுழலும் சுருள் தானே 10 வோல்ட் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குவதால், சுருளின் தடைக்கு எஞ்சுவது 2 வோல்ட்தான். தண்டைப் பிடித்து நிறுத்திவிட்டால் எதிரழுத்தம் போய்விடும். 12 ஆம்பியர் பாயும். அந்த 144 வாட் அப்போது உண்மையாகும், முழுவதும் சூடாக. மிக்ஸியில் பிளேடு சிக்கிக்கொண்டால் ஒரு வாடை வருமே, அது இந்தக் கணக்கின் வாடை. லோ வோல்டேஜில் பம்ப்செட் காயில் கருகுவதும் இதன் உறவுதான்: தண்ணீரைத் தூக்கும் வேலை குறையாததால் மோட்டார் ஓட்டத்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கும், சூடோ ஓட்டத்தின் இருமடியாக ஏறும்.

மாறுமின்னோட்டத்தில் பெருக்கலுக்கும் ஒரு நிபந்தனை சேர்கிறது. அழுத்தமும் ஓட்டமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்காவிட்டால், இரு மீட்டர்களின் எண்களைப் பெருக்கி வருவது உண்மைத் திறனை மிஞ்சிவிடும். திறன் காரணி 0.5 உள்ள 9 வாட் எல்இடி பல்பு 0.078 ஆம்பியர் எடுக்கும். பெருக்கினால் 18, வீட்டு மீட்டர் எண்ணுவது 9. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்து 230-ஆல் பெருக்கி, கரண்ட் பில் தவறு என்று சண்டைக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மின்வாரியத்துக்கு அந்த உபரி ஓட்டம் வீண் சுமை. கம்பிகளில் சூடாவது முழு ஓட்டமும்தான். தொழிற்சாலைகளில் கெப்பாசிட்டர் வைக்கச் சொல்வது இதற்காக. எல்இடி பல்பின் அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து ஏறக்குறைய 2900 ஓம் என்று சொல்லலாம். அந்த எண் பல்பின் எந்தப் பாகத்துக்கும் சொந்தமில்லை. உள்ளேயிருக்கும் டிரைவர் அழுத்தம் குறைந்தால் பெரும்பாலும் ஓட்டத்தைக் கூட்டி அதே வெளிச்சத்தைத் தக்கவைக்கும்.

அளக்கும் முறையிலும் பொறி இருக்கிறது. வோல்ட்மீட்டரும் ஆம்மீட்டரும் ஒரே நேரத்தில் பழுதில்லாத விடை தர முடியாது. வோல்ட்மீட்டரைத் தடைக்கு நேர்குறுக்கே வைத்தால், அது குடிக்கும் ஓட்டமும் ஆம்மீட்டரில் சேரும். ஆம்மீட்டருக்கு முன்னால் வைத்தால், அதில் விழும் அழுத்தமும் சேரும். பெரிய தடைக்கு இரண்டாவது இணைப்பும், சிறிய தடைக்கு முதல் இணைப்பும் தேர்வது ஆய்வக வழக்கம். மில்லி ஓம்களுக்கு அதுவும் போதாது. ஒயர் முனைகளின் தடையே அளவை விழுங்கிவிடும். ஓட்டத்துக்கு இரண்டு ஒயர், அழுத்தத்துக்குத் தனியாக இரண்டு ஒயர் என்று கெல்வின் வகுத்த நான்கு முனை முறை அங்கே வேண்டும். கார் பேட்டரி மட்டும் இந்தச் சிரமத்தைக் குறைக்கிறது. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது 10.5 என்றால், 2.1-ஐ 150-ஆல் வகுத்து அகமின்தடை 0.014 ஓம். ஓமின் 20¼ அங்குலத்தின் நேர் வாரிசு இந்த எண்.

ஓம் என்ற அலகும் வெகுகாலம் ஒரு பொருளோடு கட்டப்பட்டிருந்தது. 1893-இல் உலக அளவில் ஏற்றது, பூஜ்ஜியம் டிகிரியில் 106.3 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதரசக் கம்பத்தின் தடை. 1980-இல் கிளவுஸ் ஃபான் கிளிட்சிங், கடுங்குளிரில் வலிய காந்தப் புலத்தில் வைத்த சிலிக்கன் அடுக்கு ஒன்றில், வகுத்தலின் விடை படிகளாக மட்டுமே வருவதைக் கண்டார். அந்தப் படிகளின் அடிப்படை 25,812.807 ஓம். எந்தப் பொருள், எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் அதில் சேர்வதில்லை. பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் மட்டுமே. வோல்ட்டுக்கு ஜோசப்சன் சந்தி இதே வேலையைச் செய்கிறது. 2019 மே 20 முதல் நடப்பிலுள்ள அலகு முறையில் அந்த இரு மாறிலிகளின் மதிப்பும் துல்லியமாக நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. ஆம்பியரை நேரடியாக உண்டாக்குவது இன்னும் கடினம் என்பதால், தர ஆய்வகங்கள் பெரும்பாலும் வோல்ட்டையும் ஓமையும் முதலில் எடுத்துக்கொண்டு, ஒன்றை மற்றதால் வகுத்து ஆம்பியரைப் பெறுகின்றன.